கண்டப் பெயர்ச்சிச் சான்றுகளும் கடல்கோள் ஆராய்ச்சியும்

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றின் தொடக்க இயலில் ஒரு கருத்துத் தவறாது இடம்பெறக் காண்கின்றோம். முச்சங்க வரலாற்றையும் கடல்கோட் செய்தியையும் எடுத்துரைத்த ஆசிரியர், இவ்வுண்மையை நிலவியல் அறிஞரும் ஒப்புவர் என்று கூறி அவ்வியலை முடிப்பர். அதற்குச் சான்றாகச் சிலர் இலெமூரியா என்னும் பெயரைக் காட்டுவர். சிலர் கோண்டுவானா என்பர். வேறு சிலர் செருமானிய அறிஞர் ஆல்பிரட் வெகனரின் கண்டப் பெயர்ச்சிக் கொள்கையையும் உடன் சேர்ப்பர். மூன்றும் ஒரே பொருளைக் குறிக்கும் மூன்று சொற்களே போல வழங்கப்படுகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் இவ்வழக்கு வேரூன்றிவிட்டது.

இக்கட்டுரை அவ்வொரு கருத்தினை ஆராய எழுந்தது. கடல்கோள் நிகழ்ந்ததோ இல்லையோ என்பது ஈண்டு முதல் வினா அன்று. நிலவியலார் சான்று என்று நாம் காட்டுவது உண்மையில் எதற்குச் சான்று என்பதே வினா. ஒரு துறையின் முடிபைப் பிறிதொரு துறையார் எடுத்தாளுங்கால், அம்முடிபு எச்சான்றின்மேல் நிற்கின்றது, எதனை மறுத்து எழுந்தது என்பவற்றை அறிந்தே ஆளவேண்டும். அங்ஙனம் அறியாது ஆண்டால், துணைக்கு அழைத்த சான்றே எதிர்ச்சான்றாய் முடிதல் கூடும். கண்டப் பெயர்ச்சியைப் பொறுத்தவரை அதுவே நேர்ந்துள்ளது என்பது எம் கருத்து. அதனை முறையே விளக்குவோம்.

வெகனரின் வாதமுறை

வெகனர் (1880–1930) வானிலை நூல் வல்லவர். 1912ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிராங்க்பர்ட்டு நகரில் ஆற்றிய உரையொன்றில் தம் கொள்கையை முதன்முதல் வெளியிட்டார். 1915இல் அதனைக் கண்டங்கள், பெருங்கடல்கள் ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலாக விரித்தார். அந்நூலின் நான்காம் பதிப்பு 1929இல் வெளிவந்தது. கண்டங்கள் யாவும் ஒரு காலத்து ஒன்றாய் இணைந்திருந்தன என்பதும், பின்னர்ப் பிளவுற்று விலகிச் சென்றன என்பதும் அதன் சாரம்.

ஆப்பிரிக்காவின் மேலைக் கரையும் தென்னமெரிக்காவின் கீழைக் கரையும் வடிவில் ஒத்திருத்தலை அவருக்கு முன்னரும் பலர் கண்டிருந்தனர். வெகனரின் சிறப்பு அதனோடு அமையாமையே ஆகும். கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளைச் சேர்ப்பார் ஒருவர், விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தபின், அச்சிட்ட வரிகள் ஒரு துண்டிலிருந்து மறு துண்டிற்கு இடையறாது ஓடுகின்றனவா என்றும் பார்ப்பார் என அவரே உவமை காட்டினார். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர் இம்முறையை நன்கறிவர். முறிந்த ஏடு இரண்டு விளிம்பில் ஒத்திருத்தல் மட்டும் போதாது. சீரும் தளையும் பொருளும் தொடர்ந்து செல்லுதல் வேண்டும். கண்டங்களாகிய ஏடுகளில் அங்ஙனம் தொடர்ந்து செல்வன மூன்று: பாறை அடுக்குகள், தொல்லுயிர் எச்சங்கள், பண்டைத் தட்பவெப்பநிலையின் அடையாளங்கள்.

தொல்லுயிர் எச்சங்கள்

எச்சங்களுள் இரண்டினை ஈண்டுக் கூறுதல் சாலும். ஒன்று மெசோசாரஸ் என்னும் ஊர்வன. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத இவ்வுயிர், இற்றைக்கு 28 கோடி ஆண்டுகட்கு முன்னர்க் கரையை அடுத்த ஆழமற்ற நீர்நிலைகளில் வாழ்ந்தது. இதன் எலும்புகள் தென்னமெரிக்காவின் கீழைப் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் அன்றி உலகில் வேறெங்கும் கிடைத்தில. அட்லாண்டிக் பெருங்கடலைக் குறுக்கே நீந்திக் கடக்கும் ஆற்றல் உடையதாயின், அது பிற கரைகளையும் அடைந்திருக்கும்.

மற்றொன்று குளோசாப்டெரிஸ் என்னும் மரவினம். நாவடிவ இலையுடைமையின் இப்பெயர் பெற்றது. 1828இல் பிரான்சு நாட்டு அறிஞர் பிராங்கினியார் இதற்குப் பெயரிட்டார். இராணிகஞ்சு, சாரியா, தால்சீர் முதலிய இடங்களில் நாம் வெட்டியெடுக்கும் நிலக்கரியின் பெரும்பகுதி இம்மரக்காடுகள் புதையுண்டதனால் ஆயது. இந்தியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆசுத்திரேலியா ஆகிய நாற்புலத்தும் இதன் இலைகள் கிடைக்கின்றன. 1912ஆம் ஆண்டு பிப்பிரவரியில் தென்முனையிலிருந்து திரும்பிய இசுக்காட்டும் அவர்தம் தோழரும், உணவும் வலிவும் குன்றிய நிலையிலும், பியர்டுமோர்ப் பனியாற்றின் அருகே திரட்டிய ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்களைக் கைவிடாது இழுத்துச் சென்றனர். அவர்கள் உயிர்நீத்த கூடாரத்தில் அக்கற்கள் கண்டெடுக்கப்பட்டன. 1914இல் அவற்றை ஆராய்ந்த சீவர்டு என்னும் அறிஞர், குளோசாப்டெரிஸ் இலைகள் அவற்றுட் பதிந்திருத்தலைக் கண்டார். இன்று மரமொன்றும் நில்லாத அண்டார்க்டிகாவில் ஒரு காலத்துக் காடு இருந்தது என்பதும், அக்காடு நம் நாட்டுக் காட்டொடு ஓரினத்தது என்பதும் இதனால் பெறப்பட்டன.

இனி, நம் ஆய்வுக்கு இன்றியமையாத ஒன்றனைக் கூறுதல் வேண்டும். இவ்வெச்சங்கள் வெகனருக்கு முன்னரே அறிஞர்க்குத் தெரிந்தவை. பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவிற்கும் பண்டு நிலத்தொடர்பு இருந்தது என எச்சச்சான்று கொண்டு கூறிய ஓர் அறிக்கையை 1911இல் படித்த பின்னரே அவர் தம் எண்ணத்தை உறுதியாகப் பற்றினார். அவ்வறிக்கை கூறிய விளக்கம் வேறு. கண்டங்கள் இன்றுள்ள இடத்திலேயே அன்றும் இருந்தன. அவற்றிடையே நிலப்பாலங்கள் கிடந்தன. பின்னர் அப்பாலங்கள் கடலுள் அமிழ்ந்தன என்பது அக்காலத்துப் பெருவழக்கான கொள்கை.

ஆகவே, ஒரே சான்று இரண்டு கொள்கைகட்கு இடந்தந்தது. இரு கரையிலும் ஒரே உயிரின் எச்சம் கிடைப்பது, அவை தொடர்புற்றிருந்தன என்பதை மட்டுமே காட்டும். இடைநிலம் அமிழ்ந்ததா, இருநிலமும் விலகினவா என்பதனை அது தனித்துக் காட்டாது. எச்சச்சான்று கொண்டு கண்டம் மூழ்கியது என முடிபு கூறுவோர் இவ்விடத்தே வழுக்கி வீழ்கின்றனர்.

தட்பவெப்பநிலைச் சான்று

இவ்விரண்டனுள் எது கொள்ளத்தக்கது என்பதைத் துணிதற்கு உதவியது தட்பவெப்பநிலைச் சான்று. அச்சான்றின் முதற்பக்கம் இந்திய மண்ணிலேயே எழுதப்பட்டது. 1856ஆம் ஆண்டு, ஒரிசாவின் தால்சீர்ப் பகுதியை ஆராய்ந்த பிளான்போர்டு உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் துணைவரும், நுண்மண்ணிடையே பேருருக் கற்கள் விரவிக் கிடக்கும் படிவொன்றைக் கண்டனர். ஓடும் நீர் கற்களைப் பருமனால் தரம் பிரித்துப் படியவைக்கும். பனிக்கட்டியோ பெரிதும் சிறிதும் ஒருங்கே சுமந்து சென்று உருகியவிடத்து இட்டுவிடும். எனவே அப்படிவு பனியினால் ஆயது என அவர்கள் கூறினர். வெப்பமிக்க நாட்டிற் பனியாறு இருந்ததென்பதை அக்காலத்தார் பலர் நம்பிலர். பின்னர், தென்னாப்பிரிக்காவில் துவைக்காப் படிவிலும், தென்னமெரிக்காவிலும், ஆசுத்திரேலியாவிலும், அண்டார்க்டிகாவிலும் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுத் தொன்மையுடைய அத்தகைய படிவுகளும், பனியாறு பாறையை உராய்ந்து சென்ற கீற்றுத் தழும்புகளும் அறியப்பட்டன.

நிலப்பாலக் கொள்கை ஈண்டு விடையின்றி நின்றது. கண்டங்கள் இன்றுள்ள இடத்திலேயே அன்றும் இருந்தனவாயின், பனிப்படலம் தென்முனைப் பகுதியிலிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து வடபால் இந்தியா வரை பரந்திருத்தல் வேண்டும். உலகு முழுதும் குளிர்ந்திருந்தது எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. அதே காலப்பகுதியில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அடர்ந்த சதுப்பு நிலக் காடுகள் செழித்து நிலக்கரியாயின. அம்மரங்களிற் பருவமாற்றத்தைக் காட்டும் ஆண்டு வளையங்கள் இல்லை. எனவே அவை வேனிலும் கூதிரும் மாறிவாராத வெப்பநாட்டு மரங்கள். குளோசாப்டெரிஸ் இனத்து மரங்களிலோ அவ்வளையங்கள் தெளிவாக உள்ளன. மேலும், தென்னமெரிக்காவிற் காணும் பனித்தழும்புகள் சில, பனி இன்றைய கடல்பக்கத்திலிருந்து நிலம் நோக்கி ஏறிவந்ததைக் காட்டுகின்றன. பெரும் பனிப்படலம் நிலத்தில் தோன்றிக் கடல் நோக்கி இழிவதன்றிக் கடலில் தோன்றி நிலத்தின்மேல் ஏறுவதன்று.

தென்புலக் கண்டங்களைத் தென்முனையைச் சூழ ஒன்றுசேர்த்து வைத்தால் இவ்விடர் யாவும் ஒருங்கே நீங்குகின்றன. பனிப்படிவுகள் ஓரிடத்துத் திரண்டு ஒரே படலமாகின்றன. தழும்புகள் ஒரு நடுவிடத்திலிருந்து புறம் நோக்கி ஓடுகின்றன. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நிலநடுக்கோட்டின் அண்மையில் அமைகின்றன. 1924இல் வெகனர், தம் மாமனாராகிய கோப்பன் என்பாரோடு சேர்ந்து, பண்டைத் தட்பவெப்பநிலைகளைப் பற்றித் தனிநூலே யாத்தார். நிலக்கரி, உப்பு, பாலைமணற் பாறை, பனிப்படிவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காலத்து ஓரிடத்தின் குறுக்கைக்கோட்டைச் சுட்டும் அடையாளம் என்பது அந்நூலின் நெறி. நிலப்பாலத்தால் ஓர் உயிர் கடந்ததற்குக் காரணம் கூறலாம். பனி இருந்த இடத்திற்குக் காரணம் கூறவியலாது. எச்சச்சான்று ஐயமாக விட்டதனைத் தட்பவெப்பச்சான்று துணிவாக்கியது.

நிலப்பாலம் அமிழ்தல் இயலாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கண்டங்களின் பாறை கனம் குறைந்தது. கடலடிப் பாறை கனம் மிக்கது. கனம் குறைந்த நிலப்பகுதி, நீர்மேல் தெப்பம் போல, கனம் மிக்க அடிப்பகுதியின்மேல் மிதந்து நிற்கின்றது. அத்தகைய பெருநிலம் ஆழ்கடலடியாக அமிழ்ந்து போதல் இயற்கை நெறிக்கு முரணாகும். இதனை வெகனர் தம் நூலில் வற்புறுத்திக் கூறினார்.

அவர் கொள்கை உடனே ஏற்கப்படவில்லை. கண்டங்களை நகர்த்தும் விசையாக அவர் கூறியவை போதா என எதிர்த்தோர் காட்டியதில் உண்மை இருந்தது. 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் உயிர் துறந்தார். தென்னாப்பிரிக்கர் தூ தாய் 1937இல் மேலும் பல சான்றுகளைத் தொகுத்தார். 1960களிற் கடலடி விரிவு பற்றிய எசு என்பாரின் கருத்தும், கடலடிப் பாறையின் காந்தப் பட்டைகள் பற்றி வைன், மாத்யூசு ஆகியோர் 1963இல் வெளியிட்ட விளக்கமும் வந்த பின்னரே அறிஞருலகம் உடன்பட்டது. 1969இல் அண்டார்க்டிகாவில் இலிசுத்ரோசாரஸ் என்னும் நிலவாழ் விலங்கின் எலும்புகள் கிடைத்தன. தென்னாப்பிரிக்காவிலும், தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாஞ்செட்டுப் படிவிலும் முன்னரே அறியப்பட்ட விலங்கு அது.

இலெமூரியாவின் தோற்றமும் முடிவும்

இனி இலெமூரியாவிற்கு வருவோம். 1864ஆம் ஆண்டு, பிலிப்பு இசுகிளேட்டர் என்னும் விலங்கியலறிஞர், மடகாசுக்கர்த் தீவின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். இலெமூர் என்னும் விலங்கு அத்தீவில் மிகுதியாக உள்ளது. அதற்கு இனமானவை ஆப்பிரிக்காவிலும், இந்தியாவிலும் உள்ளன. நம் நாட்டுத் தேவாங்கு அவ்வினத்தோடு தொடர்புடையதே. கடல் இடையிட்ட நாடுகளில் உறவுடைய விலங்குகள் வாழ்தற்குக் காரணம் கூறுமுகத்தான், இந்தியப் பெருங்கடற் பகுதியில் நிலப்பரப்பொன்று இருந்து மறைந்தது என அவர் கருதி, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். எக்கல் என்னும் செருமானிய அறிஞர் அதனை மாந்தரினத்தின் பிறப்பிடமாகக் கருதினார். அவர்தம் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1876இல் வெளிவந்து பரவியது. 1885இல் சூயசு என்பார் கோண்டுவானா நிலம் என்னும் பெயரை வழங்கிய காலத்தும், கண்டங்களின் இடைப்பகுதி அமிழ்ந்தது என்றே கருதினார்.

இதனால் பெறப்படுவது யாது? இலெமூரியா நிலப்பாலக் கொள்கையின் குழந்தை. கண்டப் பெயர்ச்சியோ அந்நிலப்பாலக் கொள்கையை வென்று நிலைபெற்றது. இந்தியாவும் மடகாசுக்கரும் தொடர்புற்றிருந்தமைக்கு இன்று தரப்படும் விளக்கம், இடைநிலம் மூழ்கியது என்பதன்று. அவை ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன்னர்ப் பிரிந்தன என்பதே. இடைப்பட்ட கடலடியின் பெரும்பரப்பு, அப்பிரிவின்பின் உருகியெழுந்து உறைந்த புதிய பாறையால் ஆயது. இலெமூர்களின் மூதாதையர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிதவைத் தாவரத் திரள்களின்மேல் கடல் கடந்து மடகாசுக்கரை அடைந்தனர் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. இசுகிளேட்டரின் வினா செவ்வியது. அவர் கண்ட விடை நிலைபெறவில்லை. எனவே, இலெமூரியாவையும் வெகனரையும் ஒரே வரியிற் சான்றாக நிறுத்துவது, வழக்கில் வாதி எதிர்வாதி இருவரையும் தன் பக்கத்துச் சாட்சிகளாக அழைப்பதனை ஒக்கும்.

இலெமூரியாக் கொள்கை தமிழுலகில் வேரூன்றியதன் காரணமும் ஆராயத்தக்கது. இறையனார் அகப்பொருளுரை 1883இல் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களால் அச்சேறியது. அடியார்க்குநல்லார் உரையொடு கூடிய சிலப்பதிகாரம் 1892இல் உ. வே. சாமிநாதையரவர்களால் வெளியிடப்பெற்றது. அதாவது, கடல்கோட் செய்தி கற்றார் பலர் கைக்கு வந்த காலமும், இலெமூரியாக் கொள்கை ஆங்கில நூல்களில் பரவியிருந்த காலமும் ஒன்றாயின. இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்வனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. அக்காலத்துப் புலவர் அன்றைய அறிவியலை நம்பியது குற்றமாகாது. அவ்வறிவியல் தன் கருத்தை மாற்றிக்கொண்ட பின்னரும் நாம் பழைய முடிபையே புதிய பெயரோடு வழங்குவதுதான் குற்றம். குமரிக்கண்டம் என்னும் சொல்லும் இவ்வாறே பொருள் மாறியது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் அது பரதகண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றன் பெயர். கடலுள் மூழ்கிய நிலத்தின் பெயரன்று.

கால அளவின் முரண்

பிறிதொரு தடையும் உண்டு. அது காலம் பற்றியது. இந்தியா மடகாசுக்கரை விட்டுப் பிரிந்தது 9 கோடி ஆண்டுகட்கு முன்னர். இன்றைய மாந்தரினத்தின் மிகப் பழைய எலும்புகளோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுத் தொன்மையன. இறையனார் களவியலுரை முச்சங்கங்கட்கும் கூறும் ஆண்டுகள் 4440, 3700, 1850, கூட்டின் 9990. அவ்வுரை கூறும் முழுக்காலத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வோமாயினும், நிலம் பிரிந்த காலம் அதனினும் ஏறத்தாழ 9000 மடங்கு முற்பட்டது. அப்பிரிவினைக் கண்ட மாந்தர் இலர். பாடிய புலவரும் இலர்.

தமிழ்நாட்டு மண்ணே இதனை உணர்த்தும். அரியலூர்ப் பகுதியில் உழுநிலத்திடையே கடற்சிப்பிகளும் நத்தைகளும் கல்லாய்க் கிடக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன்னர்த் தொடங்கிக் கடல் அந்நிலத்தின்மேல் பரந்திருந்தமைக்கு அவை சான்று. ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட கடல்கோள் அது. ஆயினும் அதனை இலக்கியக் கடல்கோளோடு இணைப்பார் ஒருவரும் இலர், இணைத்தலும் தகாது. அரியலூரில் ஒப்பாத ஒன்றனை இந்தியப் பெருங்கடலில் ஒப்புதல் எங்ஙனம்?

இலக்கியச் சான்றின் படிநிலை

நிலவியலார் பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தி ஆராய்வர். இலக்கியச் சான்றினையும் நாம் அங்ஙனமே வரிசைப்படுத்துதல் வேண்டும். புறநானூற்றில் நெட்டிமையார் பாட்டொன்று பஃறுளியாற்றைக் குறிக்கின்றது; அரசனை வாழ்த்தும் புலவர் அதன் மணலை எண்ணின் மிகுதிக்கு அளவாகக் கொள்கின்றார். ஆண்டுக் கடல்கோள் பேசப்படவில்லை. முல்லைக்கலிப் பாட்டொன்று, கடல் நிலத்தைக் கவர, பாண்டியன் அதற்கு ஈடாகப் பகைவர் நாட்டைக் கொண்டான் என்கின்றது. சிலப்பதிகாரக் காடுகாண் காதை, பஃறுளியாறும் மலைத்தொடரும் குமரிக்கோடும் கடலாற் கொள்ளப்பட்டதைக் கூறுகின்றது. இறையனார் களவியலுரை, சங்கங்களையும் கபாடபுரத்தையும் ஆண்டுத் தொகையையும் தருகின்றது. ஏழேழாக நாற்பத்தொன்பது நாடும் எழுநூற்றுக் காவதமும் அடியார்க்குநல்லார் உரையிலேயே இடம்பெறுகின்றன. இலெமூரியாவும் மாந்தரினத் தோற்றமும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மேலே படிந்த அடுக்கு.

மேலடுக்கிற் கிடைத்ததனைக் கீழடுக்கின் காலத்ததாகக் கூறும் நிலவியலாரை யாரும் நம்பார். அடியார்க்குநல்லாரின் அளவைக் கூற்றினை இளங்கோவடிகள் காலத்துச் செய்தியாக எழுதுவதும் அத்தகையதே. மேலும், களவியலுரைகாரர் பாண்டியநாட்டைக் கடல் கொண்ட செய்தியைக் கூறுமிடத்துப் ‘போலும்’ என்னும் சொல்லைப் பெய்கின்றார். அச்சொல் அவர்தம் அடக்கத்தையும் ஆராய்ச்சி நேர்மையையும் ஒருங்கே காட்டுவது. பிற்காலத்து வரலாற்று நூல்களில் செய்தி முழுதும் எஞ்சியிருக்க, அவ்வொரு சொல் மட்டும் கடல்கொள்ளப்பட்டுவிட்டது.

கொள்ளத்தக்க நிலவியற் சான்று

அற்றேல், கடல்கோட் செய்திக்கு நிலவியற் சான்றே இல்லையோ எனின், உண்டு. அது கண்டப் பெயர்ச்சியன்று, கடல்மட்ட ஏற்றம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னர், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதனினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நீரின் பெரும்பகுதி வடபுலப் பனிப்படலங்களிற் கட்டுண்டு கிடந்தமையே அதற்குக் காரணம். அன்று தமிழகமும் ஈழமும் ஒரே நிலமாய் இணைந்திருந்தன. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதிகளும் குமரிமுனையை அடுத்த கண்டத்திட்டும் தரையாய்க் கிடந்தன. பனி உருகக் கடல் உயர்ந்தது; ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன்னர் அவ்வேற்றம் பெரும்பாலும் அடங்கியது. இது மாந்தர் வாழ்ந்து கண்ட கடல்கோள். நிலவியலறிஞர் சு. கி. ஜெயகரன் 2002இல் வெளியிட்ட ‘குமரி நில நீட்சி’ என்னும் நூல், மூழ்கிய கண்டம் என்பதனை விலக்கி, இத்தகைய நிலநீட்சியையே கொள்ளத்தக்கதெனக் காட்டியது. இலெமூரியா என்னும் எண்ணம் அறிவியலிலிருந்து நாட்டுணர்விற்குப் பெயர்ந்த வரலாற்றைச் சுமதி இராமசாமி 2004இல் தனிநூலாக ஆராய்ந்தார்.

அத்துணைப் பழமையான நிகழ்ச்சி வாய்மொழியாக நிலைத்தல் கூடுமோ எனின், முற்றும் மறுத்தற்கில்லை. ஆசுத்திரேலியத் தொல்குடியினர் பலரின் கதைகள், அக்கண்டத்தின் கரையோரத்தைக் கடல் விழுங்கிய 7,000 ஆண்டுப் பழைய நினைவைக் காக்கின்றன என நன், இரீடு என்போர் வாதிட்டுள்ளனர். அவ்வாய்வு நமக்கு ஒரு நெறியைக் காட்டுகின்றது. அவர்கள் ஒவ்வொரு கதையையும் குறிப்பிட்ட கரையோடும், அக்கரையின் நீராழத்தோடும், அவ்வாழம் மூழ்கிய காலத்தோடும் ஒப்பிட்டனர். பஃறுளியையும் குமரிக்கோட்டையும் பற்றி அத்தகைய ஒப்பீடு செய்தற்கு, மன்னார் வளைகுடாவின் கடலடி ஆய்வுகளைத் தமிழாய்வாளர் நிலவியலாரோடு உடனிருந்து கற்றல் வேண்டும். சிறு நிலமும் ஓர் ஆறும் ஒரு மலைத்தொடரும் கடலுட் புகுந்தன என்னும் சிலப்பதிகாரக் கூற்று, இத்தகைய ஆய்வுக்கு இடந்தரும் அளவினது. எழுநூற்றுக் காவதப் பரப்போ அக்கண்டத்திட்டினுள் அடங்காது.

இரு தடைகளும் விடைகளும்

எம் கருத்திற்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். மொரீசியசுத் தீவின் எரிமலைப் பாறைகளுள் 300 கோடி ஆண்டுத் தொன்மையுடைய சிர்க்கான் மணிகள் கிடைத்தமையும், எனவே அத்தீவின் அடியிற் பழங்கண்டத்துண்டு ஒன்று புதையுண்டிருத்தலும் 2013, 2017ஆம் ஆண்டுகளில் வெளியிடப்பட்டன. இஃது இலெமூரியாவை நிறுவாதோ என்பது ஒன்று. நிறுவாது. அது கண்டங்கள் பிரிந்தபோது சிதறிய சிறுதுண்டு; சீசெல்சுத் தீவுகளின் கருங்கற்பாறையும் அவ்வகையினதே. பிரிவு நிகழ்ந்த காலம் மாந்தர் தோற்றத்திற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டது என்னும் முன்னைய தடை ஈண்டும் நிற்கின்றது.

வெகனரையும் உலகம் அரைநூற்றாண்டு ஏற்க மறுத்தது. பின்னர் அவரே வென்றார். குமரிக்கண்டக் கொள்கையும் அங்ஙனம் வெல்லாதோ என்பது மற்றொன்று. மறுக்கப்பட்டமை ஒரு கொள்கைக்குச் சான்றாகாது. மறுக்கப்பட்டுப் பின் வென்றவை சில; மறுக்கப்பட்டு மறைந்தவை பல. வெகனர் வென்றது, அவர் கூற்று எதிர்காலத்தார் சோதித்தறியத்தக்க வடிவில் இருந்தமையால். கண்டங்கள் இணைந்திருந்தது உண்மையாயின், தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வாழ்ந்த நிலவிலங்கு அண்டார்க்டிகாவிலும் வாழ்ந்திருத்தல் வேண்டும். 1969இல் தேடியவர் அதனைக் கண்டனர். கண்டங்கள் நகர்வது உண்மையாயின், அந்நகர்வு அளக்கப்படல் வேண்டும். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் வடகிழக்காக நகர்தலை இன்று செயற்கைக்கோள் வழி அளக்கின்றனர். இன்னது கிடைப்பின் எம் கொள்கை தவறு என்று கூறத் துணிந்த நூல் எதனையும் குமரிக்கண்டத்தார் பக்கத்தில் யாம் கண்டிலம். அத்துணிவு தோன்றும் நாளில் அதுவும் ஆராய்ச்சி ஆகும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கண்டப் பெயர்ச்சிக்குரிய எச்சச் சான்றும் தட்பவெப்பச் சான்றும் மூழ்கிய கண்டத்தை நிறுவுவன அல்ல, அதனை விலக்குவன. இலெமூரியா, கோண்டுவானா, குமரிக்கண்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்து, வெவ்வேறு வினாவிற்கு விடையாக எழுந்த சொற்கள். ஒன்றன் இடத்து மற்றொன்றை வழங்கலாகாது. கடல்கோள் மரபினை ஆராய்வோர் கண்டப் பெயர்ச்சியை விடுத்துக் கடல்மட்ட ஏற்றத்தையும் கரையோர அழிவுகளையும் நோக்குதல் வேண்டும்.

தமிழின் தொன்மை இவ்வொரு சான்றின்மேல் நிற்பதன்று. கீழடியிற் கிடைத்த மாதிரியொன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என 2019இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்டது. அது மண்ணை அகழ்ந்து, அளந்து, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிப் பெற்ற செய்தி. அதனை ஐயுறுவார் மீண்டும் சோதித்தறியலாம். அத்தகைய சான்றின் பக்கத்தே மூழ்கிய கண்டத்தை வைப்போமாயின், பின்னது உறுதி பெறாது. முன்னதன் மதிப்பும் குறையும். பிறநாட்டார் நம் நூல்களைப் படிக்கும் இக்காலத்தில், முதல் இயலிற் காணும் ஒரு தவறு பின்வரும் இயல்கள் அனைத்தின்மீதும் ஐயத்தை விளைவிக்கும்.

ஆதலின், ஆய்வேடுகளின் முதல் இயலில் நிலவியலாரைச் சான்று காட்ட விரும்பும் மாணவர், அவர்தம் முடிபை மட்டுமன்றி அம்முடிபிற்குரிய காரணத்தையும் காலத்தையும் உடன் எழுதுவாராக. எழுதவியலாதாயின், களவியலுரைகாரர் கைக்கொண்ட ‘போலும்’ என்னும் அவ்வொரு சொல்லையேனும் மீண்டும் பெய்வாராக.